தொல்லியலும் மனிதப் பரிணாமமும் எழுத வரும் செய்தியாளருக்கு: பழனி மலையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

வத்தலகுண்டில் பஸ் ஏறி தாண்டிக்குடியில் இறங்கி, பழங்கால ஈமச்சின்னமான கல்திட்டையைப் படம் எடுத்துவிட்டு அன்று மாலையே செய்தி அனுப்பிவிடலாம் என்று வரும் இளம் செய்தியாளர்களைப் பல வருடமாகப் பார்க்கிறேன். ஆர்வத்துக்குக் குறைவில்லை. வரிசைதான் தப்பாகிறது. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டு, அச்சில் வந்த பிறகு ஆண்டுக் கணக்கைச் சரிபார்க்க உட்காருகிறார்கள்.

இந்தத் துறையை மாவட்டச் செய்தியோடு சேர்த்து எழுதுகிறவர்களுக்கும், இதையே முழு வேலையாக ஆக்கிக்கொள்ள நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படி முடிந்திருந்தால்தான் பலன் தரும்.

1. கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை ஒரு நீள நோட்டு. ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று பத்தியாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். முதல் பத்திக்கு ‘கிடைத்தது’, இரண்டாவதற்கு ‘அளந்தது’, மூன்றாவதற்கு ‘சொல்வது’ என்று தலைப்பு. மண்ணிலிருந்து வந்த பொருள் முதல் பத்தியில். ஆய்வுக்கூடத்தில் எதை அளந்தார்கள், என்ன எண் வந்தது என்பது இரண்டாவதில். அதை வைத்து யார் என்ன முடிவுக்கு வருகிறார் என்பது மூன்றாவதில். இந்தத் துறையில் நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை மூன்றாம் பத்தியில் இருக்க வேண்டியதை முதல் பத்தியில் எழுதியதால் வந்தவை.

10 செ.மீ. அளவுகோல் ஒன்று, 5 மீட்டர் டேப் ஒன்று, சின்னத் திசைகாட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பேனாவையோ நாணயத்தையோ பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தால் ஆய்வாளருக்கு அது பயன்படாது. அளவுகோல் உள்ள படம் இருந்தால், போனில் கேட்டாலே உங்களுக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

கைபேசி கேமராவின் அமைப்புக்குள் போய், படத்தோடு இருப்பிடம் பதியும் வசதியை இப்போதே அணைத்துவிடுங்கள். காரணம் ஆறாம் படியில் வருகிறது. மழைக்காலமாக இருந்தால் அட்டைக்கு உப்புப் பொட்டலமும் வேண்டும்.

2. மலை ஏறும் முன் பட்டியல் போடுங்கள்

‘யாரும் அறியாத கல்திட்டை கண்டுபிடிப்பு’ என்ற தலைப்பு ஒவ்வொரு வருடமும் எங்காவது வருகிறது. அவற்றில் பல 1928லேயே அச்சில் ஏறியவை. ஆங்லேட் பாதிரியாரும் நியூட்டனும் பழனி மலைக் கல்திட்டைகளை நடந்து பார்த்துப் பதிவு செய்தார்கள். இந்தியத் தொல்லியல் துறையின் 36ஆம் நினைவேடாக அது அந்த ஆண்டு வெளிவந்தது. அதைப் பார்க்காமல் ‘புதிது’ என்று எழுதவே கூடாது.

அடுத்து கொடைக்கானல் அருகிலுள்ள செண்பகனூர் அருங்காட்சியகத்துக்கு ஒருநாள் போய் வாருங்கள். பொருள்களை அங்கே கண்ணால் பார்த்துவிட்டால், பிறகு காட்டில் கிடக்கும் பானை ஓட்டுத் துண்டு எதன் பகுதி என்று ஊகிக்க வரும். நீலகிரிப் பக்கம் எழுதுகிறவர்கள் இதே வேலையைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் செய்ய வேண்டும். நீலகிரியின் கல்லறைகளில் ஆங்கிலேய அதிகாரி பிரீக்ஸ் எடுத்தவை அங்கேதான் இருக்கின்றன. அவருடைய நூல் 1873இல் வந்தது.

தமிழகத் தொல்லியல் கழகம் ஆண்டுதோறும் கொண்டுவரும் ‘ஆவணம்’ இதழின் பழைய தொகுதிகளைப் புரட்டுங்கள். உங்கள் ஊர்ப் பெயர் வரும் இடத்தை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஊர், இடத்தின் உள்ளூர்ப் பெயர், என்ன வகைச் சின்னம், யார் எந்த ஆண்டு பதிவு செய்தார்கள், இப்போது என்ன நிலை என்று ஒரு பட்டியல் போடுங்கள். எனக்கு முதல் பட்டியல் போட ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதத்தில் ஒரு செய்திகூட எழுதவில்லை. அதன் பிறகு எழுதிய அத்தனையும் அந்தப் பட்டியலிலிருந்துதான் வந்தது.

3. சொற்களைச் சரியாகப் பழகுங்கள்

கல்திட்டை தரைக்கு மேலே நிற்பது. பக்கத்துக்கு ஒரு பலகைக்கல், மேலே ஒரு மூடுகல். கற்பதுக்கை மண்ணுக்குள் பெட்டி போலப் புதைந்திருப்பது. இந்த இரண்டையும் மாற்றி எழுதுவது புதியவர்களின் முதல் தவறு. பலகைக்கல்லில் வட்டமாக வெட்டியிருக்கும் ஓட்டைக்கு இடுதுளை என்று பெயர். அதை ‘ஜன்னல்’ என்று எழுதினால், அங்கே யாரோ குடியிருந்ததாக வாசகர் நினைத்துவிடுவார். இவை ஈமச்சின்னங்கள்.

உள்ளூர்ப் பெயர் என்ன என்று கேட்டு அதையும் எழுதுங்கள். ‘பாண்டவர் வீடு’, ‘குள்ளர் வீடு’ என்று சொல்வார்கள். அந்தப் பெயர் மக்களின் நினைவு. அதற்கு மதிப்பு உண்டு, ஆனால் அது மூன்றாம் பத்தியில் எழுத வேண்டிய செய்தி. ஒரு தம்பி ‘குள்ளர் வீடு’ என்ற பெயரைக் கேட்டதும், இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் 2003இல் எலும்பு கிடைத்த குட்டை மனித இனத்தோடு முடிச்சுப் போட்டு எழுதிக்கொண்டு வந்தார். அந்த எலும்புகள் 60,000 ஆண்டுகளுக்கும் முந்தியவை. நம் கல்திட்டைகள் இரும்புக் காலத்தவை. நடுவில் உள்ள இடைவெளியைச் சொல்லிக் காட்டியதும் அவரே அந்தத் தாளைக் கிழித்துவிட்டார்.

மனிதப் பரிணாமத்தில் இன்னும் கவனம் வேண்டும். ‘ஆதிமனிதன்’ என்ற ஒரே சொல்லை எல்லா இனத்துக்கும் போடாதீர்கள். ஹோமோ எரெக்டஸ், நியாண்டர்தால், ஹோமோ சேப்பியன்ஸ் எல்லாம் வேறு வேறு. எது என்று ஆய்வாளர் சொல்லவில்லை என்றால், ‘கல்லாயுதம் செய்தவர்கள்’ என்று எழுதுங்கள். அது பிழையாகாது.

4. எண்களைச் சரிபார்க்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள்

வேலையில் பாதி இங்கேதான். எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மில்லியனை முதலில் லட்சமாக்கிப் பழகுங்கள். ஒரு மில்லியன் 10 லட்சம். திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கல்லாயுதங்களுக்குச் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழு 2011இல் வெளியிட்ட காலம் சுமார் 1.5 மில்லியன் ஆண்டு, அதாவது 15 லட்சம். இதை ‘1.5 லட்சம்’ என்றும் ‘1.5 கோடி’ என்றும் அச்சில் பார்த்திருக்கிறேன். முதலாவது பத்தில் ஒரு பங்கு, இரண்டாவது பத்து மடங்கு. அவசரத்தில் மொழிபெயர்க்கும்போது கை தானாகத் தவறும். ஆகவே எண்ணை எழுத்தாலும் ஒருமுறை நோட்டில் எழுதிப் பாருங்கள்.

அடுத்தது ‘பி.பி.’ என்ற குறி. ஆய்வறிக்கையில் 2500 பி.பி. என்று இருந்தால் அதற்குப் பொருள் ‘இன்றைக்கு 2500 ஆண்டுகளுக்கு முன்’. அந்த ‘இன்று’ 1950ஆம் ஆண்டு என்று உலகம் முழுக்க வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் எழுதவந்த முதல் வருடம் 2500 பி.பி. என்பதைக் ‘கி.மு. 2500’ என்று எழுதிவிட்டேன். 1950 ஆண்டுகள் கூடிப்போயின. அந்தக் கட்டுரையை ஒரு பள்ளி ஆசிரியர் வகுப்பில் வாசித்துக் காட்டியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தபோது, பஸ் பிடித்துப் போய் அவரிடமே நேரில் சொல்லிவிட்டு வந்தேன். இன்றும் ‘பி.பி.’யைப் பார்த்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத்தான் கணக்குப் போடுகிறேன்.

2500லிருந்து 1950ஐக் கழித்துக் கி.மு. 550 என்று எழுதினாலும் வேலை முடியாது. காற்றில் இருக்கும் கார்பன்-14 அளவு எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. எனவே ஆய்வுக்கூடத்தில் வரும் எண்ணை மரவளையங்களை வைத்துத் தயாரித்த அளவைக்கோட்டோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். உங்களிடம் ஒரு எண் வந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ‘இது திருத்திய காலமா, திருத்தாததா?’

தமிழ்நாட்டுச் செய்திக்கு இது ஏன் முக்கியம் என்றால், கி.மு. 800க்கும் கி.மு. 400க்கும் இடையில் அந்த அளவைக்கோடு ஏறக்குறையத் தட்டையாக ஓடுகிறது. அந்த நானூறு வருடத்துக்குள் எங்கிருந்து வந்த மாதிரியானாலும் கிட்டத்தட்ட ஒரே அளவைக் காட்டும். நம் இரும்புக் காலமும் தொடக்க வரலாற்றுக் காலமும் சந்திக்கும் இடமே அதுதான். அந்தக் காலத்து மாதிரிக்கு ஒற்றை ஆண்டைத் தலைப்பில் போடுவது ஆபத்து. 95.4 சதவீத நம்பகத்தில் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று கேட்டு வாங்கி, அந்த வீச்சையே எழுதுங்கள்.

கூட்டல் கழித்தல் குறியை விழுங்கிவிடாதீர்கள். அத்திரம்பாக்கத்தில் இடைப் பழங்கற்காலம் தொடங்கியதற்கு 2018இல் வெளியான கணிப்பு 3,85,000 ஆண்டு, கூட்டியோ கழித்தோ 64,000. அந்த 64,000க்குள் நம் இரும்புக் காலம் முழுவதையும் இருபது தடவை அடுக்கிவிடலாம். ‘சுமார் 3.85 லட்சம்’ என்று எழுதி, வீச்சை உடனே அடுத்த வரியில் சொல்லுங்கள்.

எந்த முறை என்பதையும் கேளுங்கள். கார்பன் முறை சுமார் 50,000 ஆண்டு வரைதான் எட்டும். அதற்கு மேல் மாதிரியில் அளக்க ஒன்றும் மிஞ்சாது. லட்சக்கணக்கான ஆண்டுக்குக் ‘கார்பன் சோதனையில் தெரியவந்தது’ என்று எழுதினால், விஷயம் தெரிந்தவர் அந்த வரியோடு வாசிப்பதை நிறுத்திவிடுவார். ஒளி உமிழ்வு முறை மணல்துகள் கடைசியாக எப்போது வெயில் பட்டது என்று சொல்கிறது. அதாவது அது மண்ணின் காலம். கல்லாயுதம் அந்த மண்ணோடு சேர்ந்து புதைந்ததா என்பது தனிக் கேள்வி.

கடைசியாக, எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி: எந்தப் பொருளை அளந்தார்கள்?

நம் மலையடிவாரப் பொருந்தலையே எடுத்துக்கொள்வோம். பழனிக்குத் தென்மேற்கே சுமார் 12 கி.மீ. 2009லும் 2010லும் பேராசிரியர் கா. ராஜன் குழு அங்கே அகழாய்வு செய்தது. ஒரு கல்லறையில் நாலுகால் சாடிக்குள் நெல் இருந்தது. அதே கல்லறையில் ‘வய்ர’ என்று தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பிரிமனை ஒன்றும் இருந்தது. நெல்லை அனுப்பி அளந்ததில் கி.மு. 490 என்று வந்தது. இரண்டாவது மாதிரி கி.மு. 450 என்று காட்டியது.

நோட்டில் இதை எப்படிப் பிரிப்பது? நெல்லும் பிரிமனையும் முதல் பத்தி. நெல்லின் காலம் இரண்டாம் பத்தி. ‘ஆகவே எழுத்தும் அந்தக் காலத்தது’ என்பது மூன்றாம் பத்தி. எழுத்தை யாரும் அளக்கவில்லை. நெல்லும் பிரிமனையும் ஒரே கல்லறையில், ஒரே நேரத்தில் வைக்கப்பட்டவை என்ற வாதம்தான் இரண்டையும் இணைக்கிறது. வலுவான வாதம்தான். ஆனால் அது வாதம் என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். ‘ஒரே கல்லறையில் இருந்த நெல்லின் காலத்தை வைத்து, எழுத்தும் கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள்’ என்று எழுதினால் போதும். செய்தி ஒரு இம்மியும் சிறுக்கவில்லை, உண்மையும் உள்ளே இருக்கிறது.

நெல் நல்ல மாதிரி என்பதற்கும் காரணம் உண்டு. அது ஒரே போகத்தில் விளைந்தது. கரித்துண்டு என்றால் யோசிக்க வேண்டும். முதிர்ந்த மரத்தின் வைரப்பகுதியை எரித்திருந்தால், தீ மூட்டிய காலத்தைவிட நூறு, இருநூறு வருடம் கூடுதலாகக் காட்டும். ‘மாதிரி விதையா, கரியா?’ என்று கேட்டுப் பாருங்கள். எதிரில் இருக்கும் ஆய்வாளர் நிமிர்ந்து உட்காருவார்.

5. ஆய்வுக்கட்டுரையை வாசிக்கும் வரிசை

செய்திக்குறிப்பில் தொடங்காதீர்கள். அதில் இருப்பதெல்லாம் மூன்றாம் பத்தி. முதலில் படங்களையும் அட்டவணையையும் பாருங்கள். எத்தனை மாதிரி, எந்தக் குழியில், எந்த ஆழத்தில் என்பது அங்கேதான் இருக்கும். பிறகு ஆய்வு முறை, பிறகு முடிவுரை, கடைசியில் சுருக்கம்.

கட்டுரை சக ஆய்வாளர்களின் பரிசீலனையைத் தாண்டியதா, பரிசீலனைக்கு முன்பே வெளியிட்ட முன்பதிப்பா என்று பாருங்கள். 2023 ஜூனில், தென்னாப்பிரிக்காவின் ஹோமோ நலேடி இனம் இறந்தோரைப் புதைத்தது என்ற கூற்று முன்பதிப்பாக வந்தது. உலகமெங்கும் தலைப்புச் செய்தியானது. அடுத்த மாதமே வெளியான முதல் சுற்று மதிப்பீட்டில், காட்டிய சான்று அந்த முடிவுக்குப் போதவில்லை என்று பரிசீலித்தவர்கள் எழுதினார்கள். முதல் நாள் எழுதியவர்களில் எத்தனை பேர் இரண்டாவதையும் எழுதினார்கள்?

பெரிய இதழ்கள் முன்கூட்டியே கட்டுரையைத் தந்து, வெளியிடத் தடைநேரம் வைப்பார்கள். நேச்சர் இதழுக்குப் புதன்கிழமை லண்டன் மாலை 4 மணி. நமக்கு அது கோடையில் இரவு 8.30, குளிர்காலத்தில் 9.30. மலையில் அந்த நேரத்தில் மின்சாரமும் சிக்னலும் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பிற்பகலிலேயே கட்டுரையைப் பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பி, தடைநேரத்தை முதல் வரியில் கொட்டை எழுத்தில் போட்டுவிடுங்கள். தடையை ஒருமுறை மீறினாலும் அந்தக் கதவு மூடிவிடும்.

6. களத்துக்குப் போவது

இப்போதுதான் பஸ் ஏற வேண்டும்.

நிலம் யாருடையது என்று முதலில் பாருங்கள். பட்டா நிலமா, எஸ்டேட்டா, காடா? கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண் கேட்டால் சொல்லிவிடுவார். மலையில் ஒரு பெரிய பகுதி 2013 முதல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம். வனக்கோட்ட அலுவலகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் நுழைந்தால் வழக்கு வரும். உங்களுக்கு வழிகாட்டிய பளியர் பழங்குடி இளைஞருக்கும் சேர்த்து வரும். உங்களுக்காவது பத்திரிகை அலுவலகம் இருக்கிறது. அவருக்கு யார்?

ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். புதர் காய்ந்திருக்கும், கல் தெரியும். காலை வெயிலும் சாயும் வெயிலும்தான் படத்துக்கு ஏற்றவை. சாய்ந்து விழும் வெளிச்சத்தில்தான் கல்லில் உள்ள மெல்லிய கீறல் நிழல் காட்டும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே வெளுப்பு. அதிகாலையில் காட்டுமாடு நடமாடும் என்பதால் தனியாகப் போகாதீர்கள்.

பாறை ஓவியம் என்றால் தண்ணீர் தெளிக்கவே கூடாது. நனைத்தால் நிறம் பளிச்சென்று தெரியும் என்று எல்லோரும் இதைச் செய்கிறார்கள். நனைந்து காயும் ஒவ்வொரு முறையும் நிறமி கொஞ்சம் போகும், உப்பு பூத்து மேலே படலம் கட்டும். சாக்பீஸால் கோடு இழுப்பதும் அப்படித்தான். படத்தைக் கணினியில் நிறம் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

எதையும் எடுக்காதீர்கள். தரையில் கிடக்கும் ஓட்டுச் சில்லுகூட அந்த இடத்தில் கிடந்தால்தான் சான்று. மண்ணில் புதைந்து கிடைத்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டமே சொல்கிறது. யாராவது வீட்டில் மணி, ஓடு எதையாவது காட்டினால் ‘விற்காதீங்க, தாசில்தார் ஆபீஸ்ல சொல்லுங்க’ என்று சொல்வதும் நம் வேலைதான்.

இடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பல வருடம் முன்பு ஒரு கல்திட்டையைப் பற்றி எழுதினேன். வாசகர் போய்ப் பார்க்கட்டும் என்ற ஆசையில், கோயிலைத் தாண்டி எந்த மண்பாதையில் திரும்ப வேண்டும், எந்தக் காப்பித் தோட்டம், ஓடையிலிருந்து எத்தனை அடி என்பது வரை எழுதினேன். இரண்டு மாதம் கழித்து அந்தத் தோட்டத்து மேஸ்திரி போன் செய்தார். ‘தம்பி, நீங்க எழுதுன பாண்டவர் வீட்ட வந்து பாருங்க’ என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

மூடுகல் இரண்டாகப் பிளந்து கிடந்தது. பழைய முகம் பாசி பிடித்துக் கறுத்திருக்க, பிளந்த முகம் மட்டும் சோற்றுப் பருக்கை போல வெள்ளையாக மின்னியது. உள்ளே முழங்கால் ஆழத்துக்குத் தோண்டியிருந்தார்கள். குழியின் நாலு மூலையிலும் காய்ந்து சுருங்கிய எலுமிச்சம்பழம், குங்குமம். பொன் தேடி வந்தவர்கள் மண்ணோடு வாரி வெளியே கொட்டிய குவியலில் கறுப்பு-சிவப்பு ஓடுகள் மழையில் நனைந்து கிடந்தன. ஒரு கிண்ணத்தின் விளிம்பு, கையால் வழித்த பளபளப்பு இன்னும் போகாமல் இருந்தது. அந்தக் கிண்ணம் எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. என் நோட்டில் அந்த இடத்துக்கு இரண்டாம் பத்தி என்றைக்குமே காலிதான்.

வழி காட்டியது என் கட்டுரை என்று நிரூபிக்க முடியாது. எனக்கு அது தேவையும் இல்லை. அன்றிலிருந்து வட்டம், ஊராட்சி பெயருக்கு மேல் நான் எழுதுவதில்லை. படத்தில் பின்னணி மலை முகடு தெரியாதபடி எடுக்கிறேன். சரியான இடக்குறிப்பு தொல்லியல் துறைக்குக் கொடுக்கும் கடிதத்தில் மட்டும் இருக்கும். பதிவோடு இருப்பிடம் போகாதபடி கைபேசியை அமைக்கச் சொன்னதும் இதனால்தான்.

7. மனிதப் பரிணாமம்: திரும்பத் திரும்ப வரும் மூன்று தவறுகள்

‘குரங்கிலிருந்து மனிதன்’ என்று எழுதாதீர்கள். சிம்பன்சிக்கும் நமக்கும் பொதுவான மூதாதை இருந்தது. சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வழி பிரிந்தது. சிம்பன்சி நம் பாட்டன் இல்லை, தாயாதி. நம் ஊரில் பங்காளி முறை தெரியாதவர் யார்? அந்தச் சொல்லால் சொன்னால் தேநீர்க் கடையிலும் புரியும்.

‘15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தமிழர்’ என்று எழுதாதீர்கள். நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸின் மிகப் பழைய எலும்புகளாகப் பலர் ஏற்பவை மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்தவை. அவற்றுக்கே வயது சுமார் 3 லட்சம்தான். அத்திரம்பாக்கத்தில் கிடைத்தது கல்லாயுதம். செய்தவரின் எலும்பு கிடைக்கவில்லை. கல்லில் மொழி ஒட்டியிருக்காது. தமிழ் மீது பற்று இருப்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். பொய்யான பெருமையை ஒருவன் எளிதாகத் தட்டிவிட்டால், கூடவே உண்மையான சான்றையும் சந்தேகிப்பார்கள்.

எலும்பு ஏன் கிடைக்கவில்லை என்று வாசகர் கேட்பார். வெப்பமும் மழையும் அமிலத்தன்மையும் உள்ள மண்ணில் எலும்பு கரைந்துவிடும். இந்தியாவில் 1982இல் நர்மதைக் கரையின் ஹத்னோராவில் அருண் சொனாகியா கண்டெடுத்த மண்டையோட்டுப் பகுதி இன்றும் அரிய பொருளாக இருப்பது அதனால்தான்.

மூன்றாவது தவறு, என்னை மிகவும் வருத்துவது. பளியரையோ நீலகிரியின் குறும்பர், இருளர், பணியரையோ ‘கற்கால மனிதர்கள்’, ‘ஆதிமனிதனின் மிச்சம்’ என்று எழுதுவது. இன்று உயிரோடு இருக்கும் எல்லோரும் மூதாதையிடமிருந்து ஒரே தூரத்தில்தான் நிற்கிறோம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் நம் செய்தியை வாசிக்கிறார்கள். மரபணு ஆய்வு பற்றி எழுதும்போது, ரத்தமோ எச்சிலோ எடுக்கும் முன் என்ன சொல்லி ஒப்புதல் வாங்கினார்கள், முடிவைத் திரும்ப வந்து சொன்னார்களா என்று ஆய்வாளரைக் கேளுங்கள். எத்தனை பேருடைய மாதிரி என்பதையும் கேளுங்கள். ஹரியானாவில் உள்ள சிந்துவெளிக் கால ஊரான ராகிகடியைப் பற்றி 2019இல் வெளியான மரபணு முடிவு ஒரே ஒரு பெண்ணின் எலும்பிலிருந்து வந்தது.

8. இரண்டு பேரிடம் பேசுங்கள்

கட்டுரையை எழுதியவர் ஒருவர். அதில் பெயர் இல்லாத, அதே துறையில் வேலை செய்யும் இன்னொருவர். இரண்டாமவரிடம் ‘இது சரியா?’ என்று கேட்டால் நழுவுவார். ‘எந்தச் சான்று வந்தால் இந்த முடிவு மாறும்?’ என்று கேளுங்கள். அதற்குத் தயங்காமல் பதில் சொல்வார்கள்.

அரசிடம் காலக்கணிப்பு அறிக்கை இருந்து, வாய்மொழியாகக் கேட்டுக் கிடைக்கவில்லை என்றால், தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். ‘ஆய்வு விவரம் தருக’ என்று பொதுவாகக் கேட்காமல், எந்த ஊர், எந்த ஆண்டு, எந்த மாதிரியின் அறிக்கை என்று குறித்துக் கேளுங்கள்.

9. எழுதி அனுப்புவது

முதல் பத்தியில் ‘கிடைத்தது’, அடுத்ததில் ‘அளந்தது’, பிறகு யார் என்ன சொல்கிறார். நோட்டின் வரிசையே செய்தியின் வரிசை. ‘உலகிலேயே முதல்’, ‘வரலாற்றைப் புரட்டிப்போடும்’ என்பதை ஆய்வாளரே சொன்னாலும் மேற்கோளுக்குள் வையுங்கள்.

தலைப்பை நீங்களே மூன்று எழுதி அனுப்புங்கள். இரவு ஒன்பது மணிக்கு டெஸ்கில் இருப்பவர் இருபது செய்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். நீங்கள் தராவிட்டால் கையில் கிடைத்த பெரிய எண்ணை எடுத்துத் தலைப்பாக்குவார், பழி உங்கள் பெயரில் விழும். எண்களை மட்டும் தனித்தாளில் பட்டியலாக அனுப்பினால் பிழை பாதி குறையும்.

10. இதையே பிழைப்பாக்குவது

தினசரி வேலையை உடனே விடாதீர்கள். காப்பி விலை, காட்டுமாடு, மலைப்பாதை மண்சரிவு எல்லாம் எழுதிக்கொண்டே வாரத்தில் ஒருநாளை இதற்கு ஒதுக்குங்கள். ஏப்ரல் 18 நினைவுச்சின்னங்கள் நாள், மே 18 அருங்காட்சியக நாள், நவம்பர் 19 முதல் 25 வரை பாரம்பரிய வாரம். இந்த நாள்களில் ஆசிரியர்களே கட்டுரை தேடுவார்கள். ஒரு மாதம் முன்பே எழுதிக் கேளுங்கள்.

ஆங்கிலத்திலும் எழுதப் பழகினால் வாய்ப்புக் கூடும். ஆனால் மலையில் உங்களுக்குத் தகவல் தருபவர்கள் தமிழில் வாசிப்பவர்கள். தமிழில் வராத செய்தியை அவர்களால் திருத்த முடியாது.

11. செய்தி வந்த பிறகு

பேசிய எல்லோருக்கும் பிரதி அனுப்புங்கள். மேஸ்திரிக்கும்தான். பிழை சொன்னால் அன்றே திருத்தம் எழுதி அனுப்புங்கள். மூன்றாம் பத்தியைப் பென்சிலில் எழுதி வையுங்கள், புது அறிக்கை வரும்போது மாற்ற வேண்டியிருக்கும்.

வருடம் ஒருமுறை, மழை விட்டதும், பட்டியலில் உள்ள இடங்களுக்குப் போய் பழைய படத்தின் அதே கோணத்தில் படம் எடுங்கள். சேதம் தெரிந்தால் இரண்டு படத்தையும் ஒட்டி, புல எண்ணோடு கோட்டாட்சியருக்கும் மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கும் மனுக் கொடுங்கள். ஒப்புகை எண் வாங்காமல் வெளியே வராதீர்கள். அடுத்த முறை அதே மேசைக்குப் போகும்போது முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.